லொகேஷன் மட்டும் கேக்காதீங்க

போன டிசம்பரில் நான் போட்ட ஒரு ரீலை உங்களில் நிறைய பேர் பார்த்திருப்பீங்க. கறுப்பு தார் வண்டி, பின்னாடி இறங்குகிற சூரியன், வண்டி ஒரு மண்மேட்டில் ஏறி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். மொத்தம் பத்தொன்பது செகண்ட். நாலு வருஷத்தில் நான் செய்த எந்த ப்ராஜெக்டுக்கும் கிடைக்காத பாராட்டு அதுக்குக் கிடைத்தது. அந்த ரீலை நான் டெலீட் பண்ணிட்டேன். ஆனாலும் வாரத்துக்கு ரெண்டு பேராவது மெசேஜ் பண்றாங்க: "அண்ணா, அந்த ஸ்பாட் லொகேஷன் ப்ளீஸ்."

அனுப்ப மாட்டேன். சீன் போடறான்னு சில பேர் பேசிக்கறதும் காதுக்கு வந்தது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா காரணம் டைப் பண்ணி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமா இங்கே எழுதிடறேன். கொஞ்சம் நீளம்தான். இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சவன் தமிழில் எழுதறேன், பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

நாங்க நாலு பேர். இன்டர்ன்ஷிப் காசு கையில் இருந்தது. ஜோத்பூர் வரைக்கும் ரயில், அங்கே செல்ஃப் டிரைவ் தார் ஒன்று, அதில் ஜெய்சல்மேர். ஜெய்சல்மேரிலிருந்து 40 கி.மீ. போனால் சாம் மணல்மேடுகள். யூடியூபில் பார்க்கிற எல்லா பாலைவன வீடியோவும் பெரும்பாலும் அங்கேதான் எடுக்கிறார்கள். வண்டி வாங்கும்போது கொடுத்த அக்ரிமெண்டில், ரோட்டை விட்டு இறங்கக் கூடாதுன்னு ஒரு வரி இருந்தது. நாங்க படிக்காமலே கையெழுத்துப் போட்டோம். இன்னொன்றும் சொல்லிடறேன். தார்னாலே ஃபோர் பை ஃபோர்னு நினைச்சுக்காதீங்க. 2023 முதல் பின்சக்கரம் மட்டும் ஓடுகிற தாரும் விற்பனையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரிதான். உள்ளே ரெண்டாவது கியர் லிவர் இருக்கான்னு பாருங்க. எங்க வண்டியில் இருந்தது, அது அதிர்ஷ்டம். நாங்க யாரும் செக் பண்ணவே இல்ல.

சாமில் முதல் மணலில் இறங்கி முப்பது மீட்டர் போவதற்குள் வண்டி புதைந்துவிட்டது. ஃபோர் வீல் போட்டாச்சு, லோ ரேஞ்ச் போட்டாச்சு, நான் ஆக்ஸிலரேட்டரை மிதிச்சேன், நாலு சக்கரமும் சேர்ந்து நாலு குழி தோண்டின. ஆட்டோமொபைல் படிக்கிற நான், பாஹா போட்டிக்கு வண்டி கட்டின டீமில் இருந்த நான். பக்கத்தில் டூரிஸ்ட் ஏத்துகிற உள்ளூர் ஜீப் டிரைவர் ஒருத்தர் பீடியோடு நடந்து வந்தார். வண்டியைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்தார். "ஹவா கித்னா?" என்றார். காத்து எவ்வளவு? எனக்குத் தெரியல. ரோட்டில் எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு, 32 பிஎஸ்ஐ. அவர் தலையில் அடிச்சுக்காத குறை.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்க, நாம எல்லாரும் இன்ஜினியர்ஸ்தானே. வண்டியும் நாங்களும் லக்கேஜும் சேர்த்து 2,000 கிலோன்னு வைப்போம். 32 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.25 கிலோ. டயர் தரையில் கொடுக்கிற அழுத்தம் தோராயமாக உள்ளே இருக்கிற காத்தின் அழுத்தம்தான். வகுத்தால் சுமார் 890 சதுர செ.மீ. அதாவது நாலு சக்கரமும் சேர்ந்து தரையைத் தொடுகிற இடம் ஒன்றரை ஏ4 தாள். ரெண்டு டன்னும் அந்த ஒன்றரைத் தாள் மேல நிக்குது. காத்தைப் பாதியாக்கி 16 பிஎஸ்ஐ வைத்தால் கிட்டத்தட்ட மூணு தாள். டயர் அகலமாவதைவிட நீளமாகத்தான் படுக்கும், புல்டோசர் செயின் மாதிரி. டயரோட சைடுவாலும் கொஞ்சம் எடை தாங்கும் என்பதால் கணக்கு துல்லியம் இல்ல, ஆனா விஷயம் இதுதான். ஒட்டகத்தோட பாதம் கீழே வைக்கும்போது விரிகிறதும் இதே காரணத்துக்குத்தான்.

அவர் ஒரு சின்னக் குச்சியை வால்வில் குத்தி நாலு டயரிலும் காத்தை இறக்கினார். சக்கரத்துக்கு முன்னாடி மணலைக் கையால் வழித்தார். எங்க தடத்திலேயே ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். மிதிக்காம, மெதுவா. வண்டி ஒன்றுமே நடக்காதது போல வெளியே வந்தது.

அன்னிக்கு முழுக்க அவரிடம்தான் பாடம். காசு கொடுத்தோம், அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மணல்மேட்டுக்கு ரெண்டு முகம் உண்டு. காத்து வருகிற பக்கம் சாய்வு கம்மி, மணல் இறுகி இருக்கும், அதில் ஏறலாம். மறுபக்கம் மணல் சரிந்து நிக்கிற பக்கம். சாயில் மெக்கானிக்ஸில் படிக்கிற ஆங்கிள் ஆஃப் ரிப்போஸ், 30-லிருந்து 34 டிகிரி, அதை அங்கே கண்ணால் பார்க்கலாம். மேலே ஏறினதும் மறுபக்கம் என்ன இருக்குன்னு சீட்டிலிருந்து தெரியாது. பானெட்டும் வானமும்தான் தெரியும். அந்தப் பக்கம் இன்னொரு ஜீப் நிக்கலாம், ஒட்டகத்தோட ஒரு பையன் நிக்கலாம். அதனால் புது மேடு என்றால் முதலில் இறங்கி நடந்து போய்ப் பார்க்கணும். ஏறினால் நேரா ஏறணும், இறங்கினால் நேரா இறங்கணும். பாதியில் மூச்சு வாங்கினால் திருப்பக் கூடாது, அதே தடத்தில் ரிவர்ஸில் வரணும். சரிவில் குறுக்கே திருப்பினவங்கதான் உருளறாங்க. காத்து இறக்கின டயரோடு வெடுக்னு ஸ்டீயரிங் ஒடிச்சா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுடும். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் காத்து அடிக்காம ஓட்டினா சைடுவால் சூடாகி வெடிக்கும். இன்னொரு வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால், சேஸிஸில் இருக்கிற டோ ஹூக்கில் மட்டும்தான் கட்டணும். ட்ரெய்லர் மாட்டுகிற உருண்டையில் கட்டி, அது பிய்ந்து பறந்து ஆள் செத்த கதைகள் வெளிநாட்டில் நிறைய.

இதெல்லாம் நல்ல விஷயங்கள். மேட்டின் உச்சியில் அவர் "அப் தேகோ" என்று சொல்லி எஞ்சினை ஆஃப் பண்ணச் சொன்ன அந்த நிமிஷம் மாதிரி ஒன்று எனக்கு இந்த காலேஜில் வாய்க்கவில்லை. ஆஃப்ரோடே கூடாதுன்னு சொல்ல வரல. அது ஒரு வித்தை, கத்துக்க வேண்டியதுதான்.

ஆனா என் ரீலில் இருக்கிற மேடு அங்கே எடுத்தது இல்ல.

மறுநாள் எங்களுக்குத் தைரியம் வந்துடுச்சு. கூட அவர் இல்ல. சாமில் கூட்டம் அதிகம், ஃப்ரேமில் எப்பவும் வேற யாராவது வர்றாங்கன்னு, ரோட்டிலிருந்து ஒரு வண்டித்தடத்தில் இறங்கி, அப்புறம் அந்தத் தடத்தையும் விட்டு உள்ளே போனோம். மணல் இல்ல, கெட்டித் தரை. கூழாங்கல்லும் காய்ந்த புல்லும். எனக்குத் தெரிந்த வரையில் அது 'ஒன்னுமில்லாத இடம்'. ஸ்பீடா போகலாம், புழுதி நல்லா கிளம்பும்.

நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டது இங்கேதான், நீங்களும் புரிஞ்சுக்கப் போறதும் இங்கேதான். பாலைவனம்னா மணல்மேடு, மணல்மேட்டில் ஓட்டினா பாவம், கெட்டித் தரையில் ஓட்டினா பரவாயில்லன்னு தோணும். உண்மை நேர்மாறு. செடி இல்லாத, நகர்கிற மணல்மேட்டில் நீங்க போட்ட தடம் அடுத்த காத்தில் போயிடும். சாம் மேட்டில் நூறு ஜீப் ஓடினாலும் காலையில் அலை மாதிரி புதுசா இருக்கும், பாட்டிலும் சிப்ஸ் கவரும்தான் மிச்சம். ஆனா தார் பாலைவனம் முழுக்க அப்படி நகர்கிற மணல் இல்ல. அதில் பெரும்பகுதி செடியும் புல்லும் பிடித்து நிறுத்தி வெச்ச மணலும், கெட்டிச் சமவெளியும்தான். சேவண் என்று ஒரு புல், அங்கே மாட்டுக்கும் ஆட்டுக்கும் அதுதான் சோறு. மழை பெய்தால்தான் துளிர்க்கும். அது வேரோடு நசுங்கினால் உடனே திரும்பி வராது.

எவ்வளவு நாள் ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்றேன். ரெண்டாம் உலகப் போரில் அமெரிக்க ஜெனரல் பேட்டன், ஆப்பிரிக்காவில் சண்டை போடுவதற்காகத் தன் டாங்கிப் படைக்கு கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 1942-ல் பயிற்சி ஆரம்பித்தார். 1944-ல் கேம்ப்பை மூடிட்டாங்க. அந்த டாங்கித் தடங்கள் சில இடங்களில் இன்னும் தெரிகின்றன. எண்பது வருஷம். நம்ம ஊரில் ஒரு காலி மனையை ஒரு மழைக்காலம் விட்டா முள்ளு மூடிடும். அங்கே அப்படி இல்ல. மழை இல்லாத ஊரில் தரை எதையும் மறக்காது.

அந்தத் தரைக்கு அடியிலும் ஆள் உண்டு. முள்வால் ஓணான் என்று ஒன்று, புல்லும் பூவும் தின்கிற சாது, குளிர்காலத்தில் வளைக்குள் போய் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு தூங்கிவிடும். நாங்க போனது டிசம்பர். எத்தனை வளை மேல ஏத்தினோமோ. கானமயில், ராஜஸ்தானின் மாநிலப் பறவை, உலகத்திலேயே 200-க்கும் குறைவாகத்தான் மிச்சம் இருக்கிறது. கூடு கட்டாது, வெறும் தரையில்தான் முட்டை, அதுவும் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதைக் காப்பாற்ற 2019-ல் ஒரு இனப்பெருக்க மையம் ஆரம்பித்தார்கள். எங்கே தெரியுமா? அதே சாமில். நாங்க ரெண்டு நாளும் அந்த ஊர் வழியாகத்தான் போய் வந்தோம், எனக்கு இது சென்னைக்கு வந்து படித்தபோதுதான் தெரியும்.

சரி, அந்த மண்மேடு.

சமவெளி நடுவே நீளமா ஒரு மேடு. ஆள் உயரம் இருக்கும். நல்ல சாய்வு. நான் பார்த்ததும் சொன்னது, "மச்சி, அப்ரோச் ஆங்கிள் டெஸ்ட் பண்ண செம்ம மேடுடா." மூணு டேக் எடுத்தோம். முதல் ரெண்டில் சக்கரம் சுத்தி மண் பறந்தது. மூணாவதில் மேலே ஏறி நின்றது. அதுதான் அந்தப் பத்தொன்பது செகண்ட்.

கேமராவை ஆஃப் பண்ணும்போது ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, பெரிய தலைப்பாகை, எங்க தாத்தா வயசு. திட்டுவார்னு நினைச்சோம். திட்டல. எங்களைப் பார்க்கவே இல்ல. மேட்டில் நாங்க கிழித்த இடத்துக்குப் போய் உட்கார்ந்து, கையால் ஆழம் பார்த்தார். முழங்கை வரை போனது. அப்புறம் காலால் மண்ணை அதுக்குள் தள்ள ஆரம்பித்தார்.

எங்களில் ஹிந்தி தெரிந்தவன் ஒருத்தன்தான். அவன் போய்ப் பேசினான். பெரியவர் சொன்னது ஒரே விஷயம்: தண்ணி இனிமே இந்த வழியா போயிடும்.

அப்போதான் எங்க சிவில் நண்பன் மேட்டின் மறுபக்கம் இறங்கிப் பார்த்தான். உடனே கூப்பிட்டான். அந்தப் பக்கம் பச்சை. அந்த வறண்ட நிலத்தின் நடுவே சின்னதா கோதுமைப் பயிர், ஓரத்தில் கடலைச் செடி. போர் இல்ல, வாய்க்கால் இல்ல, பைப் இல்ல. நாங்க ஏறி நின்னது மேடு இல்ல. கரை.

அதுக்குப் பேரு கடீன். ஜெய்சல்மேர் பக்கம் 15-ம் நூற்றாண்டிலிருந்து இருக்கிற முறை, பாலிவால் மக்கள் ஏற்படுத்தியதுன்னு சொல்றாங்க. சுத்தி இருக்கிற கல் தரையில் விழுகிற மழை வழிந்து ஒரு பள்ளத்துக்கு வரும். அந்தப் பள்ளத்தின் தாழ்வான பக்கம் மண் கரை போட்டு மறிப்பார்கள். தண்ணி நின்று, மண்ணுக்குள் இறங்கும். மழைக்காலம் முடிந்ததும் அந்த ஈரத்தில் விதைப்பார்கள். மேற்கொண்டு ஒரு சொட்டு பாசனம் இல்லாமல் குளிர்காலப் பயிர் விளையும். ஜெய்சல்மேரில் வருஷத்துக்குப் பெய்கிற மழை சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் கீழே. 2015 டிசம்பர் 1-ம் தேதி சென்னையில் ஒரே நாளில் அதைவிட அதிகமாகப் பெய்தது. அவர்களுக்கு வருஷம் முழுசுக்கும் கிடைக்கிறதே அவ்வளவுதான், அதை நிறுத்தி வைக்கிறது அந்தக் கரை. நாங்க 'ஒன்னுமில்லாத இடம்'னு நினைச்சு புழுதி கிளப்பிட்டு வந்த அந்தக் கல் தரைதான் அவரோட வயலுக்கு நீர்ப்பிடிப்பு.

எங்க சொந்த ஊர் செய்யாறு பக்கம். ஊருக்கு ஒரு ஏரி. கரையில் டிராக்டர் ஏத்தினான்னு ஒருத்தனை நிக்க வெச்சு ஊரே கேள்வி கேட்டதை நான் சின்ன வயசில் பார்த்திருக்கேன். யாராவது ஏரிக்கரையில் ஜீப்பை ஏத்தி வீடியோ எடுத்தா எங்க தாத்தா என்ன பண்ணியிருப்பார்னு எனக்கு நல்லாத் தெரியும். ஏரிக்கரையைப் பார்த்தால் எனக்குக் கரைன்னு தெரியும். அங்கே அதே கரை எனக்கு ஸ்டன்ட் பண்ற மேடாத் தெரிந்தது. ஏன்னா நான் அங்கே போனது பாலைவனம் பார்க்க, ஊர் பார்க்க இல்ல.

பெரியவர் போய் ஒரு மண்வெட்டி எடுத்து வந்தார். நாலு பேரும் மாத்தி மாத்தி ரெண்டு மணி நேரம் மண் வெட்டிப் போட்டு மிதித்தோம். சிவில் படிக்கிறவங்களுக்கு இதில் என்ன பிரச்சினைன்னு புரியும். காய்ந்த மண் இறுகாது. ப்ராக்டர் டெஸ்டில் கிராஃப் வரைவோமே, ஆப்டிமம் மாய்ஸ்சர் கன்டென்ட், அந்த ஈரம் இல்லாமல் எவ்வளவு மிதித்தாலும் அது கரை ஆகாது, தூளைக் குவித்த மாதிரிதான். மேலே பார்க்க மூடியிருக்கும். தண்ணி வந்து நிக்கும்போது அந்த இடத்தில் முதலில் கசியும், அப்புறம் உடையும். எங்க நண்பன் வண்டியில் இருந்த இருபது லிட்டர் கேனை எடுத்து ஊத்தப் போனான். பெரியவர் தடுத்துட்டார். குடிக்கிற தண்ணியை மண்ணில் ஊத்தாதேன்னார். மழைக்கு முன்னாடி பார்த்துக்கலாம், அதுக்குள் திரும்பப் போட்டுடுவோம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். காசு கொடுத்தோம், வாங்கல. டீ குடிச்சுட்டுப் போங்கன்னார். அந்த டீயைக் குடிக்கும்போது ஒருத்தரும் பேசல.

இவ்வளவுக்கும் அப்புறம் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ராத்திரி ஹோட்டலுக்கு வந்து ரீலைப் போட்டேன். நல்ல ஷாட், வேஸ்ட் பண்ண மனசு வரல. லொகேஷன் டேகோட போட்டேன். ஒரு வாரம் கழித்து யாரோ முன்பின் தெரியாத ஒருத்தர் அதே மேட்டில் வேற வண்டி நிக்கிற வீடியோவில் என்னை டேக் பண்ணி, "தேங்க்ஸ் ஃபார் தி ஸ்பாட் ப்ரோ" என்று போட்டிருந்தார். அன்னிக்குத்தான் டெலீட் பண்ணினேன். இதுதான் நீங்க கேக்கற லொகேஷனோட கதை.

இதை ரூமில் சொன்னபோது ஒரு நல்ல கேள்வி வந்தது. அங்கே ராணுவம் டாங்கி ஓட்டுது, சோலார் பார்க் போட்டு ஆயிரக்கணக்கான ஏக்கரை வழிச்சிருக்காங்க, மின்கம்பியில் அடிபட்டுத்தான் கானமயில் சாகுது, உன் ஒரு தார்தான் பிரச்சினையா? கேள்வி நியாயம். மின்கம்பி விஷயத்தில் 2021-ல் உச்ச நீதிமன்றமே தலையிட்டுக் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024-ல் அந்த உத்தரவைத் தளர்த்தியது. அவ்வளவு பெரிய சண்டை அது, என் வண்டி அதில் தூசி. ஆனா அந்தக் கரையை உடைத்தது சோலார் கம்பெனி இல்ல, நான். பெரியவன் பண்றான்னு சொல்லித் தப்பிக்கிறதுக்கு முன்னாடி, சோலார் பார்க்கை எதிர்த்து கேஸ் போட ஒரு கோர்ட் இருக்கு, விசாரிக்க ஒரு கமிட்டி இருக்கு. ரீல் எடுக்கப் போய் கரையைக் கிழிச்சவன் மேல அந்தப் பெரியவர் எங்கே போய் கேஸ் போடுவார்?

ஆக நீங்க போறதா இருந்தா என் கருத்து இது. மணல்மேட்டில் ஆடுங்க, மேட்டுக்குப் போற வழியில் ஆடாதீங்க. ஏற்கெனவே இருக்கிற தடத்திலேயே போங்க, அது குண்டும் குழியுமா இருந்தாலும். அகலப்படுத்த ஓரமா ஏறாதீங்க. புல், கூழாங்கல், வெள்ளையா பொருக்குத் தட்டின தரை, இதில் எல்லாம் தடம் இல்லன்னா உங்களுக்கு வேலையும் இல்ல. தரையில் எந்த மேட்டைப் பார்த்தாலும் அதை யாரோ போட்டதுன்னு முதலில் நினைங்க. உள்ளூர் ஆள் ஒருத்தரைக் கூட வெச்சுக்கோங்க. அவருக்குக் கொடுக்கிற காசு கயிறுக்கும் கேமராவுக்கும் கொடுக்கிறதைவிட உங்களை அதிகம் காப்பாத்தும். பாகிஸ்தான் எல்லைப் பக்கமும் போக்ரான் ஃபயரிங் ரேஞ்ச் பக்கமும் மேப்பை நம்பி நுழையாதீங்க, அங்கே வேற மாதிரி ஆட்கள் வருவாங்க, டீ தர மாட்டாங்க. ஒத்தை வண்டியா போகாதீங்க. தண்ணி, மண்வெட்டி, காத்து அடிக்கிற பம்ப். வீடியோ போட்டா ஜெய்சல்மேர்னு போடுங்க, பின் போடாதீங்க.

இந்த ஜூலை, ஆகஸ்டில் என் ஃபோனில் வெதர் ஆப்பில் சென்னைக்குக் கீழே ஜெய்சல்மேரும் இருந்தது. ரெண்டு தடவை நல்ல மழைன்னு காட்டியது. கரை நின்னுதா, அதுக்குள் சரி பண்ணிட்டாங்களா, உடைஞ்சுதா, எனக்குத் தெரியல. அந்தப் பெரியவரிடம் ஃபோன் நம்பர் கூட வாங்கிட்டு வரல. லொகேஷன் மட்டும் சேவ் பண்ணிட்டு வந்திருக்கேன்.

டிசம்பர் லீவில் போற பசங்க யாரா இருந்தாலும், சி பிளாக் கடைசி ரூமுக்கு வாங்க. ஒரு 12 வோல்ட் ஏர் கம்ப்ரஸர், ஒரு ப்ரெஷர் கேஜ், மடக்கிற மண்வெட்டி ஒன்று இருக்கு, ஊருக்கு வந்ததும் நாலு பேரும் காசு போட்டு வாங்கினது. எடுத்துட்டுப் போங்க, திருப்பிக் கொடுத்தா போதும். கேஜ் ரெண்டு பிஎஸ்ஐ அதிகமாக் காட்டும், கழிச்சுக்கோங்க.